துணிக்கு எட்டு முகம்

அங்கமுத்து சுவரைத் துடைக்கும்போது பேசமாட்டார். பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். நார் உதிராத வெள்ளைத் துணியை இரண்டு முறை மடிப்பார். புரட்டிப் புரட்டி மடித்தால் அந்த ஒரு துணிக்கு எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் மேலிருந்து கீழே ஒரே ஓர் இழுப்பு. பிறகு அடுத்த முகம். எட்டும் முடிந்தால் துணி வாளிக்குப் போய்விடும். அதே முகத்தோடு சுவருக்குத் திரும்பிப் போவது, எடுத்த அழுக்கை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதற்குச் சமம் என்பது அவர் கட்சி.

சம்பளச் சீட்டில் அவருடைய வேலைக்குப் 'பொதுத் தொழிலாளி' என்று பெயர். தரை ஓட்டை உடைப்பவருக்கும் அதே பெயர், நுண்கருவிகளுக்கு அறை அமைப்பவருக்கும் அதே பெயர். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வயது நாற்பத்தொன்று. மார்சிலிங்கைத் தாண்டி ஒரு தங்கும் விடுதியில், பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில், மேல் கட்டில் அவருடையது. அதுவரை ஒன்பது ஆய்வுக்கூட அறைகளை அவர் தயார் செய்திருந்தார். அந்த ஒன்பதில் எதன் சுவரிலும், எதன் காகிதத்திலும் அவர் பெயர் கிடையாது.

கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் என்று அவருக்குத் தெரியும். ஒன்றுக்கு அதிர்வு ஆகாது. பக்கத்து மின்தூக்கி நகர்ந்தால்கூட எண் தள்ளாடும். அப்படிப்பட்ட அறையில் மேசைமேல் ஐம்பது காசு நாணயத்தை விளிம்பில் நிறுத்திவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்ப்பார். இன்னொன்றுக்கு வெப்பம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இன்னொன்றுக்குக் காற்று நேராக மேலே படக்கூடாது. மெல்லிய காகித நாடாவைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கவனிப்பார். கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கும். படங்களைப் பார்த்தே பாதி விளங்கிக்கொள்வார். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். கேட்பதற்குக் கூச்சப்பட்டதில்லை.

பத்தாவது அறை சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில், ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. தனியார் ஆய்வுக்கூடம் ஒன்று அங்கே இடம் மாறிக்கொண்டிருந்தது. மூத்த வேதியியலாளர் உமாமகேஸ்வரி; சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பதை நெருங்குபவர். வேலை தொடங்கிய முதல் நாள் அவரிடம் அங்கமுத்து கேட்டது ஒரே கேள்விதான்: இந்த மெஷின் எதை அளக்கும்?

"ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்குன்னு அளக்கும் தம்பி," என்றார் உமா. "முதல் கான்ட்ராக்ட் ஷிப்யார்ட் ஆளுங்களுக்கு. பழைய பெயின்ட் சுரண்டுறாங்கல்ல, அவங்க."

அங்கமுத்து தலையாட்டிவிட்டுப் போய் ஏணியை எடுத்தார். சிங்கப்பூருக்கு வந்த முதல் இரண்டு வருஷம் அவரும் கப்பல் பட்டறையில் பழைய பெயின்ட் சுரண்டியவர்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் எடுப்பார்கள். எடுத்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. இரண்டாம் வருஷக் கடைசியில் காரணம் சொல்லாமல் அவரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அப்போது வயிற்றுவலியும் கைநடுக்கமும் இருந்தன. சாப்பாட்டுக் கோளாறு என்றார்கள். சொந்த ரத்தத்தின் எண்ணைக் கேட்டுப் பெறும் உரிமை தனக்கு உண்டு என்பதே அவருக்கு அன்று தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அறியாமையைவிட இந்த வகை மௌனம் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது.

அந்த அறையில் அவர் மற்ற ஒன்பதைக் காட்டிலும் கூடுதலாகப் பாடுபட்டார். கதவின் பித்தளைக் கீல்களைக் கழற்றச் சொன்னார். பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். அலமாரித் திருகாணிகளை நைலானுக்கு மாற்றினார். பழைய பெயின்டைச் சுரண்டவே விடவில்லை, மேலே பலகை அடித்து மூடி முத்திரை வைத்தார். சுவரை மூன்று தடவை துடைத்தால் போதும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் நான்கு தடவை துடைத்தார். வெள்ளிக்கிழமைகளில் நெற்றியில் திருநீறு இருக்கும். அறைக்கு வருமுன் குழாயடியில் கழுவிவிட்டுத்தான் நுழைவார். உடன் வேலை செய்த ஹுசைன் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுக் கேலி செய்தபோது அங்கமுத்து சொன்னார்: "சாமி கோவிச்சுக்காது மாப்ள. மெஷின் கோவிச்சுக்கும்."

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் வேறோர் இடத்தில், துடைத்த சுவரைத் துடைக்கவே இல்லை என்று மேற்பார்வையாளர் சாதித்துவிட்டார். கையில் ஆதாரம் இல்லை. அதிலிருந்து, ஒவ்வொரு சுவருக்கும் கடைசியாகத் துடைத்த துணியை மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை அழுத்தி மூடி, மேலே தமிழில் எழுதி வைப்பார். 'வடக்குச் சுவர். கடைசித் துணி. செவ்வாய், மாலை 4.10.' உறைகளை ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சொந்தக் காசில் வாங்குவார். சுவர்களுக்கு நான்கு, கூரை, தரை, மாதிரிகள் தயார் செய்யும் காற்றுப் பெட்டி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று என அந்த அறைக்கு ஏழு உறைகள் சேர்ந்தன. புதன்கிழமை அறையை ஒப்படைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பூசை.

ஆய்வுக்கூடத்தின் மேலாளர் வெங்கட், சென்னையில் படித்து உயர்ந்த சம்பளத்தில் வந்தவர். கெட்டவர் இல்லை. புதிய கருவியை நல்ல நேரம் பார்க்காமல் தொடங்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆய்வுக்கூடம் என்பதால் எச்சரிக்கையாகவும் இருந்தார். கற்பூரம் வேண்டாம், ஊதுபத்தி வேண்டாம், தேங்காய் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். குங்குமம் மட்டும். வீட்டுப் பூசை அறையில் எத்தனையோ வருஷமாக இருக்கும் ஒரு சிறிய டப்பாவைக் கொண்டுவந்தார். புகை இல்லை, ஈரம் இல்லை; ஒரு பொட்டில் என்ன இருக்கிறது?

கதவைத் தானாக மூடும் விசையைச் சரிசெய்ய அன்று அங்கமுத்து வந்திருந்தார். உள்ளே நுழைய ஆறு பேர் வரிசையாகச் செருப்பையும் ஷூவையும் கழற்றினார்கள். வெறுங்காலோடு போகப் போகிறார்கள் என்று புரிந்ததும், வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கிக் காட்டி, "சார், ஷூ கவர்," என்றார்.

"இன்னிக்கு ஒரு நாள் செருப்பே இல்லாமப் போறோம்ப்பா," என்றார் வெங்கட். "அதவிடச் சுத்தம் என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். உமாவும் சிரித்தார். இருபத்தைந்து வருஷம் வேதியியல் பார்த்த உமாவும் வெறுங்காலோடு உள்ளே போய்க் கைகூப்பி நின்றார். வெங்கட் மூன்று இடத்தில் பொட்டு வைத்தார்: கதவு நிலையில் ஒன்று, கருவியின் மூடியில் ஒன்று, மாதிரிகளைத் தயார் செய்யும் காற்றுப் பெட்டியின் நெற்றியில் ஒன்று. வெளிக்காற்றை வடிகட்டி மாதிரிகள்மீது மெல்ல வீசிக்கொண்டே இருப்பது அந்தப் பெட்டியின் வேலை. அதன் விசிறி இரவும் பகலும் ஓடும். பொட்டு சரியாக அதன் வாயின் மேல்விளிம்பில் இருந்தது. வெளியே நின்றவருக்கும் டப்பாவை நீட்டினார்கள். கையில் கிளவுஸ் இருக்கிறது என்று சொல்லி அங்கமுத்து விலகிக்கொண்டார்.

திங்கட்கிழமை கருவியை ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் ஒன்றுமே கலக்காத தூய தண்ணீரைக் கொடுப்பார்கள்; எண் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். இந்தக் கருவி, கடுகு எடை ஈயத்தை இருநூறு தண்ணீர் லாரிகளில் கரைத்தாலும் கண்டுபிடித்துவிடும். தூய தண்ணீரில் அது ஈயம் காட்டியது. தண்ணீரை மாற்றினார்கள், குழாய்களை மாற்றினார்கள். எண் ஒரு தடவை ஏறியது, ஒரு தடவை இறங்கியது, பூச்சியத்துக்கு மட்டும் வரவில்லை. கருவியில் கோளாறு இல்லை, அறையில்தான் ஈயம் இருக்கிறது என்று கருவி நிறுவனப் பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அறையில் ஈயம் என்றால் கொண்டுவந்தது யார்? புதன்கிழமை ஒப்பந்த நிறுவனத்துக்கு வெங்கட் ஒரு கடிதம் அனுப்பினார். சுத்தம் செய்தவர், கப்பல் பட்டறைத் தொழிலாளர்களும் தங்கும் நெரிசலான விடுதியில் வசிப்பவர். அவருடைய உடையிலும் உடம்பிலும் வந்த தூசியே காரணமாக இருக்கலாம் என்று அதில் இருந்தது. எந்தச் சோதனையும் செய்யாமல் எழுதிய வரி அது. ஆனால் படித்த யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. அழுக்கு எங்கிருந்து வரும் என்பதை நம் சமூகம் சோதனைக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. கடல் கடந்தாலும் அந்த முடிவை மட்டும் பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டுதான் வருகிறது.

ஒப்பந்த நிறுவனத்தின் முதலாளி ரகுபதி, தன் வாடிக்கையாளரை இழக்கத் தயாராக இல்லை. மாலையில் அங்கமுத்துவைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை விமானம், வேலை பெர்மிட் ரத்து என்றார். குரலை உயர்த்தவில்லை.

"நாலு தடவ தொடச்சேன் பாஸ்."

"தெரியும் முத்து. நானும் பாத்தேன். ஆனா மெஷின் சொல்லுதுல்ல. மெஷினோட நான் சண்டை போட முடியுமா?"

இப்படித் திரும்பினால் என்ன ஆகும் என்று அங்கமுத்துவுக்குத் தெரியும். அழுக்கான ஆள் என்று எழுதி அனுப்பப்பட்டவரை எந்த ஆய்வுக்கூட வேலைக்கும் இன்னொரு நிறுவனம் எடுக்காது. பதினாறு வருஷத்தில் கையில் சேர்ந்த ஒரே தொழில், ஒரே கடிதத்தில் போய்விடும். விடுதிக்குத் திரும்பிக் கட்டிலடியிலிருந்த பெட்டியைத் திறந்தார். துணிமணிகளை அடுக்குமுன் அந்த ஏழு உறைகளையும் எடுத்து ஒரு பையில் போட்டார்.

மறுநாள் காலை, தன் கருவிப்பெட்டியை எடுத்துப் போக வந்ததாகச் சொல்லி ஆறாவது மாடிக்கு ஏறினார். உமா தனியாக இருந்தார். பையை மேசையில் வைத்தார்.

"அக்கா, இது கடைசித் துணிங்க. ஒவ்வொரு சுவத்துக்கும் ஒண்ணு. காத்துப் பெட்டிக்கும் ஒண்ணு இருக்கு."

உமா ஓர் உறையைத் தூக்கிப் பார்த்தார். "எதுக்கு எடுத்து வச்சீங்க?"

"நான் தொடச்சது தொடச்சதுதான்னு சொல்றதுக்கு."

"இதுல என்ன எழுதியிருக்கு? கிழமையா?"

"ஆமாக்கா. கிழமையும் மணியும். எல்லாம் ஒப்படைக்கிறதுக்கு முன்னால எடுத்தது." உறைகளை மேசையில் வரிசையாக அடுக்கினார். "வெள்ளிக்கிழமைக்கு முன்னால."

அவர் யார்மீதும் விரல் நீட்டவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை என்ற சொல் உமாவின் முகத்தில் பட்டு நின்றது. எழுந்து, ஷூ கவர் மாட்டி, அறைக்குள் போனார். காற்றுப் பெட்டியின் விளிம்பில் வைத்த பொட்டில் பாதிதான் மீதி இருந்தது. மற்றப் பாதி ஆறு நாளாக விசிறிக் காற்றில் அறை முழுவதும் போயிருந்தது. அவர் அதைத் தினமும் பார்த்தவர்தான். சிவப்பு என்று பார்த்தார், மங்கலம் என்று பார்த்தார். என்ன பொருள் என்று மட்டும் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ப்ளைட்டுன்னு ரகுபதி சொன்னாரே, அப்படியா?" என்று வெளியே வந்து கேட்டார்.

"ஆமாக்கா."

"பெட்டி கட்டாதீங்க லா. கொஞ்சம் பொறுங்க."

ஆய்வுக்கூடத்தின் பழைய இடத்தில் இன்னும் கழற்றப்படாத பழைய கருவி ஒன்று இருந்தது. அவ்வளவு நுட்பமானது இல்லை, ஆனால் இதற்குப் போதும். ஏழு துணிகளையும், அன்று புதிதாகச் சுவர்களிலிருந்து துடைத்தெடுத்த துணிகளையும், காற்றுப் பெட்டியிலிருந்து சுரண்டிய ஒரு சிட்டிகைச் சிவப்புத் தூளையும் தனித்தனியாக அமிலத்தில் ஊறவைத்து உமா சோதித்தார். வெள்ளிக்கிழமை மதியம் எண்கள் வந்தன. அங்கமுத்துவின் ஏழு துணிகளிலும் ஈயம் அளக்கும் அளவுக்கு இல்லை. புதிய துணிகள் எல்லாவற்றிலும் இருந்தது. தூளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயம்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமத்தில் ஈயம் இருக்க நியாயமில்லை. நிறம் பளிச்சென்று இருக்க மலிவான ஈயச் சிவப்பைக் கலந்து விற்பவர்கள் உண்டு. எந்த டப்பா எது என்று பக்தி சொல்லாது. சோதித்தால்தான் தெரியும்.

வெங்கட் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"குங்குமத்துல ஈயமா? என்ன பேசறீங்க உமா? எங்கம்மா அம்பது வருஷமா வச்சுக்கறாங்க."

"அம்மாவுக்கும் ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாருங்க, வெங்கட். நான் கிண்டலுக்குச் சொல்லல."

வெங்கட்டின் கை தானாக நெற்றிக்குப் போய்த் திரும்பியது. பிறகு மேலாளருக்குரிய மூளை விழித்துக்கொண்டது. அறையில் எப்போதும் இருக்கும் ஈயத்தை ஓர் எண்ணாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு முடிவிலிருந்தும் அதைக் கழித்துவிட்டால் என்ன என்று கேட்டார். தொடக்கத் தேதி நெருங்குகிறது என்றார். எண் ஒரே இடத்தில் நிற்காமல் ஆடுகிறது, ஆடும் எண்ணைக் கழித்தால் ஒரு தொழிலாளியின் ரத்தத்தில் உள்ள ஈயத்தையும் சேர்த்துக் கழித்துவிடுவோம் என்று உமா மறுத்தார். அறையை மறுபடி துடைக்க வேண்டும். துடைக்கத் தெரிந்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம் என்பதையும் சொன்னார்.

கடிதம் அன்று மாலையே திரும்பப் பெறப்பட்டது. முதல் கடிதம் யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் இரண்டாவதும் போக வேண்டும் என்று உமா பிடிவாதமாக நின்றதால் அப்படியே போனது. ஆனால் அதிகாரப்பூர்வ அறிக்கையில், காரணம் என்ற இடத்தில், 'ஒப்படைத்தபின் வெளியிலிருந்து வந்த மாசு' என்று எழுதினால் போதும் என வெங்கட் கேட்டுக்கொண்டார். உமா ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். குங்குமம் என்ற சொல் அந்த அறிக்கையில் இல்லை. ஒரு தொழிலாளியின் உடம்பைக் காரணமாக எழுதத் துணிச்சல் இருந்த இடத்தில், ஒரு டப்பாவைக் காரணமாக எழுதத் துணிச்சல் இல்லை. அந்தக் கையெழுத்தை நினைத்தால் உமாவுக்கு இன்றும் கூசுகிறது.

ரகுபதி விமானச் சீட்டை ரத்து செய்துவிட்டு அங்கமுத்துவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. திங்கட்கிழமை உபிக்குப் போ என்றார். போகிறேன், ஆனால் ஒன்று என்றார் அங்கமுத்து. அறை பூச்சியம் காட்டும்வரை சாவி தன்னிடம் இருக்க வேண்டும்.

"சாவி எதுக்குடா உனக்கு?"

"தொடச்ச ஆளு எவன்னு கேட்டா என்னத்தான காட்டுவீங்க பாஸ்? அப்ப உள்ள போற ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ரகுபதி வெங்கட்டிடம் கேட்டார். வெங்கட் மறுக்கவில்லை.

நான்கு நாள் துடைத்தார். காற்றுப் பெட்டியின் வடிகட்டியைக் கழற்றிப் புதிது போட்டார்கள். கூரையிலிருந்து தொடங்கி, சுவர், அலமாரி, மேசைக்கால், தரை. முதல் நாள் துணிகளில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உமா சோதித்து எண்ணைச் சொல்வார், அவர் தலையாட்டிவிட்டு மறுபடி ஏணியில் ஏறுவார். சாவி ஒரு நூலில் கழுத்தில் தொங்கியது, பெர்மிட் அட்டையோடு உரசிக்கொண்டு.

நான்காம் நாள் வெங்கட் வந்தார். எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலதிகாரிகள் இருவர் பின்னால் நின்றார்கள். அங்கமுத்து கதவைத் திறந்தார். ஆனால் வழிவிடவில்லை.

"சார், ஷூ கவர்."

அதே குரல்தான். போன தடவையைவிட அரைப் பங்கும் கூடவில்லை. வெங்கட் குனிந்து பெட்டியிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து மாட்டினார். ஒரு கால் மாட்டும்போது தடுமாறி, அங்கமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்று வியாழக்கிழமை, வெங்கட்டின் நெற்றியில் வழக்கமான கீற்று இருந்தது. அங்கமுத்து அதைப் பார்த்தார். பிறகு குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெங்கட் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பின்னால் நின்ற இருவரும், அவர்களுக்கு நெற்றியில் ஒன்றுமில்லாதபோதும், கழுவினார்கள்.

வெள்ளிக்கிழமை தூய தண்ணீர் பூச்சியம் காட்டியது. ஒப்படைப்புக் காகிதத்தில் 'சுத்தம் செய்தவர்' என்ற இடத்தில் வழக்கம்போல் ரகுபதியின் நிறுவனப் பெயர் அச்சாகியிருந்தது. உமா அதற்குக் கீழே பேனாவால் அங்கமுத்து என்று எழுதி, அவரிடம் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். சனிக்கிழமை துவாஸில் வேறொரு வேலைக்கு லாரி ஏறிவிட்டார். அங்கே ஓடு உடைக்கும் வேலை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவில் தேக்கா புல்வெளியில் ஹுசைனோடு உட்கார்ந்திருந்தபோது அவர் கைபேசி அடித்தது. உமா. கப்பல் பட்டறையிலிருந்து வந்த முதல் நாற்பது குப்பிகளை முடித்துவிட்டதாகச் சொன்னார். பெயர்கள் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன் என்றார். அறை நன்றாக நின்றது. தண்ணீர் ஒவ்வொரு தடவையும் பூச்சியம். நாற்பதில் இரண்டு பேருக்கு அளவு அதிகம். அவர்களைப் பெயின்ட் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அங்கமுத்து கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். சுற்றிலும் ஆயிரம் பேர் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த சத்தம்.

"வேலைய விட்டு மாத்துனாங்க சரிக்கா," என்றார். "எதுக்கு மாத்துறோம்னு அவங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொல்லியாச்சு தம்பி. கிளினிக்ல டாக்டர் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாரு. நம்பர எழுதியே குடுத்தாச்சு. தமிழ்ல."

அங்கமுத்து, சரிங்கக்கா என்று சொல்லிவிட்டு வைத்தார்.